சின்ன அரசு உயர்நிலைப் பள்ளி: சேர்க்கை, எண்ணிக்கை, சமூகக் கணக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள், புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள் எல்லாரும் அந்தப் பள்ளியின் எண்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. விளக்கத்துக்காக ஒரு கற்பனைப் பள்ளியை வைத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பில் 18, ஏழில் 20, எட்டில் 23, ஒன்பதில் 31, பத்தில் 26. மொத்தம் 118 பேர்.

உயர்நிலைப் பள்ளி என்றால் எந்த வகுப்பு வரை?

பெரும்பாலும் ஆறு முதல் பத்து வரை. பன்னிரண்டு வரை இருந்தால் அது மேல்நிலைப் பள்ளி, எட்டு வரை என்றால் நடுநிலைப் பள்ளி. வெளிமாநில, வெளிநாட்டுப் பள்ளிகளோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ‘ஹைஸ்கூல்’ என்பது பொதுவாக ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. அங்கே 118 என்பதும் இங்கே 118 என்பதும் ஒன்றல்ல.

எங்கள் ஊர்ப் பள்ளியில் தரம் உயர்த்திய மறு வருடமே எண்ணிக்கை பாதியாகிவிட்டது. பிள்ளைகள் எங்கே போனார்கள்?

எங்கேயும் போகவில்லை. நடுநிலைப் பள்ளி உயர்நிலையாகத் தரம் உயரும்போது ஒன்று முதல் ஐந்து வரை தனித் தொடக்கப் பள்ளியாகப் பிரிந்துவிடும். ஆறுக்கு மேல் உள்ளவை உயர்நிலைப் பள்ளி. ஒரே வளாகம், ஒரே கிணறு, ஒரே புளியமரம்தான். ஆனால் இரண்டு தலைமையாசிரியர்கள், மத்திய அரசின் பள்ளிக் கணக்கான யூடைஸில் இரண்டு எண்கள். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவருக்குப் பள்ளி சரிந்துவிட்டது போலத் தெரியும். ஒரு பள்ளியின் பத்து வருட வரைபடத்தைப் பார்க்கும் முன், நடுவில் தரம் உயர்ந்ததா என்று ஊரில் யாரையாவது கேட்டுவிடுங்கள்.

ஒரே பள்ளிக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வோர் எண் வருகிறதே, எது சரி?

எல்லாமே சரியாக இருக்கலாம். ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

சேர்க்கைப் பதிவேட்டில் இருப்பது, சேர்ந்து இன்னும் மாற்றுச் சான்றிதழ் வாங்காதவர்கள். மாநிலப் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் இருப்பது, அந்தப் பள்ளியின் பெயரில் இப்போது பதிவாகியிருக்கும் பிள்ளைகள். மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் தளத்தில் தெரிவது அந்தக் கல்வியாண்டின் கணக்கு, அது வெளியாவதற்குள் அடுத்த வருடம் பாதி ஓடியிருக்கும். வருகைப் பதிவேடு அன்றைக்கு வந்தவர்களைச் சொல்லும். இன்னொன்றையும் நான் பார்ப்பேன், சத்துணவு சாப்பிட்டவர்களின் எண்ணிக்கை. பத்தாம் வகுப்பு வரை மதிய உணவு உண்டு. வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகளைக் கழித்துவிட்டால், நேரில் யார் இருக்கிறார்கள் என்பதை அந்தப் பதிவேடு ஓரளவு காட்டிவிடும்.

எமிஸில் ஒரு சங்கதி. ஒரு பிள்ளை பள்ளியை விட்டு விலகினால் அதன் பெயர் ‘காமன் பூல்’ என்கிற பொதுத் தொகுப்புக்குப் போகும். புதுப் பள்ளி அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய பள்ளி விடுவிக்கத் தாமதித்தால், பிள்ளை இங்கே உட்கார்ந்து படிக்கும், கணக்கில் அங்கே இருக்கும். ஜூன், ஜூலை மாத எண்களை நம்பி யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம்.

யூடைஸிலும் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. முன்பெல்லாம் பள்ளி மொத்த எண்ணிக்கையைப் படிவத்தில் நிரப்பிக் கொடுக்கும். 2022-23 முதல் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகப் பெயரோடு பதிவு செய்கிறார்கள். அப்போது ஒரே பிள்ளை இரண்டு பள்ளிகளில் இருந்தது போன்றவை உதிர்ந்தன. நாடு முழுவதும் மொத்தச் சேர்க்கை குறைந்து 2023-24-ல் சுமார் 24.8 கோடி என்று வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, அந்த வருடங்களில் ஒரு பள்ளியின் எண் இறங்கியிருந்தால் பிள்ளைகள்தான் குறைந்தார்கள் என்று முடிவுகட்ட முடியாது.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி என்றால் ஆசிரியர்களுக்கு ஏன் அத்தனை பரபரப்பு?

அன்றைய நிலவரப்படிதான் பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. ஒன்பது, பத்துக்கு 40 பேருக்கு ஒருவர் என்பது மாநிலத்தில் பின்பற்றும் அளவு. இந்தக் கணக்குக்கு மேல் ஆசிரியர் இருந்தால் அவர் ‘உபரி’. பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போக வேண்டியதுதான்.

சின்னப் பள்ளிக்கு இதில் ஒரு பாதுகாப்பும் உண்டு, ஒரு பொறியும் உண்டு. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடத்துக்கு ஐந்து பட்டதாரி ஆசிரியர்கள் என்பது பொதுவான அடிப்படை. நம் 118 பேர் பள்ளிக்கு விகிதத்தை மட்டும் போட்டால் மூன்று நான்கு பேரே போதும் என்று வரும். ஆனால் கணக்கு வாத்தியாரைச் சமூக அறிவியல் எடுக்கச் சொல்ல முடியாதே. பொறி என்னவென்றால், அந்த ஐவரில் ஒருவர் மாறுதலில் போய் இடம் காலியாக இருந்தால், ஒரு பாடமே பள்ளியில் இல்லாமல் போகும். பெரிய பள்ளியில் ஒருவர் இல்லையென்றால் இன்னொருவர் சமாளிப்பார். இங்கே சமாளிக்க ஆளில்லை.

ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கான பகுதிநேர ஆசிரியர் விஷயமும் இப்படித்தான். ஆறு முதல் எட்டு வரை 100 பேருக்கு மேல் இருந்தால்தான் சட்டத்தின் அட்டவணை அவர்களைக் கேட்கிறது. நம் பள்ளியில் அந்த மூன்று வகுப்பிலும் சேர்த்து 61 பேர்தான். சின்னப் பள்ளிகள் பலவற்றில் விளையாட்டுப் பிரியட் வெறும் விளையாடும் நேரமாகப் போவதற்கு இதுவே காரணம். பிள்ளைகள் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் மட்டும் திடீரென்று எண்ணிக்கை ஏறுவது ஏன்?

கற்பனைப் பள்ளியின் எட்டில் 23, ஒன்பதில் 31 என்று வேண்டுமென்றேதான் வைத்தேன். சுற்றுவட்டாரத்தில் நடுநிலைப் பள்ளிகள் இருந்தால் அங்கே எட்டு முடித்தவர்கள் ஒன்பதுக்கு இங்கே வருவார்கள். இது பழைய வாய்க்கால்.

புதிய வாய்க்கால் ஒன்றும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வரைதான் அரசு கட்டணம் கொடுக்கும். ஒன்பதில் பெற்றோர்தான் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். அந்த மே மாதத்தில் நிறைய வீடுகளில் ஒரு பேச்சு நடக்கும், ஜூனில் பிள்ளை அரசுப் பள்ளி வாசலில் நிற்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான, 2020-ஆம் ஆண்டின் 7.5 சதவீத மருத்துவ உள் ஒதுக்கீட்டுச் சட்டமே இவர்களை நினைவில் வைத்திருக்கிறது. 25 சதவீத ஒதுக்கீட்டில் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதியானவர்கள்தான்.

அப்புறம் பத்தில் ஏன் குறைகிறது?

சட்டம் தாங்குவது 14 வயது வரை. கட்டாயக் கல்வி அத்தோடு முடிகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தப்படி 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பதே குற்றம், 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகளுக்கு மட்டும் தடை. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு 14 முடிந்திருக்கும். மேஸ்திரியோடு சித்தாள் வேலை, பனியன் கம்பெனி, மீன்பிடிப் படகு என்று அந்தந்த ஊருக்கு ஒரு கதவு திறக்கும். பெண் பிள்ளைகளுக்குச் சில ஊர்களில் கல்யாணப் பேச்சு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய ஐ.டி.ஐ. பிரிவுகளும் உண்டு. அப்படிப் போவதை இடைநிற்றல் என்று எழுதுவது நியாயமே இல்லை.

யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒரு காரணமும் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் 26 பேர் எழுதி ஒருவர் தவறினால் தேர்ச்சி 96.2 சதவீதம். 12 பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் 91.7. இருநூறு பேர் எழுதும் பள்ளியில் அதே ஒருவர் அரை சதவீதம்தான். மே மாதம் செய்தித்தாளில் நூறு சதவீதப் பள்ளிகளின் பட்டியல் வரும்போது சின்னப் பள்ளி ஒன்று பட்டியலுக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரு பிள்ளை கையில் இருக்கிறது. அந்தப் பிள்ளையை ஒன்பதிலேயே ‘வேறு எங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடும் ஆசை எந்தப் பள்ளிக்கும் வரக்கூடும். அதனால்தான் தேர்ச்சி சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், இன்று பத்தில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். பள்ளியின் உண்மையான மதிப்பெண் அதுதான்.

சமூகவாரி எண்ணிக்கை மாநிலக் கணக்கில் ஒரு மாதிரி, மத்தியக் கணக்கில் ஒரு மாதிரி இருக்கிறதே?

மாநிலம் பிரிப்பது: ஓ.சி., பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., சீர்மரபினர், எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. யூடைஸில் பொது, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. என்று நான்கே பெட்டிகள். நம் கற்பனைப் பள்ளியில் எஸ்.சி. 47, அருந்ததியர் 4, எம்.பி.சி. 38, பி.சி. 22, பி.சி. முஸ்லிம் 3, எஸ்.டி. 3, ஓ.சி. 1 என்று வைத்தால், மத்தியக் கணக்கில் அது எஸ்.சி. 51, ஓ.பி.சி. 63, எஸ்.டி. 3, பொது 1 ஆகிவிடும். வன்னியரும் மீனவரும் நாடாரும் லெப்பையும் ஒரே பெட்டிக்குள். ஊரின் சமூக அமைப்பைத் தெரிந்துகொள்ள அந்த 63 உங்களுக்கு எதுவும் சொல்லாது.

இந்தப் பள்ளியில் எஸ்.சி. பிள்ளைகள் 43 சதவீதம். 2011 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகையில் எஸ்.சி. 20 சதவீதம். இந்த இடைவெளியைப் பார்த்ததும் ‘இது காலனிப் பள்ளி’ என்று சொல்கிறவர்கள் உண்டு. காசு உள்ளவர்கள் வேனில் ஏற்றித் தனியாருக்கு அனுப்பிவிட்ட ஊர் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். பள்ளிச் சேர்க்கையை ஊரோடுதான் ஒப்பிட வேண்டும், மாநிலத்தோடு அல்ல. ஊராட்சியின் கணக்கெடுப்பு எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் வருகிறார்கள் என்பதோடு யார் வரவில்லை என்பதும் தெரியும். இரண்டாவதுதான் முக்கியமான தகவல்.

ஒரே வருடத்தில் எங்கள் பள்ளியில் எம்.பி.சி. குறைந்து எஸ்.டி. கூடியிருக்கிறது. புதிதாக யாரும் சேரவில்லையே?

பக்கத்தில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறதா? 2023 தொடக்கத்தில் ஒப்புதல் பெற்ற சட்டத் திருத்தத்தால் நரிக்குறவர், குருவிக்காரர் தமிழ்நாட்டில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அதுவரை அவர்கள் எம்.பி.சி. கணக்கில் இருந்தார்கள். பிள்ளை அதே பிள்ளைதான், உட்காரும் பெஞ்சும் அதேதான்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. இருளர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் பலர் பழங்குடியினராக இருந்தும் கையில் சான்றிதழ் இருக்காது. எஸ்.சி. சான்றிதழை வட்டாட்சியரே தருவார், எஸ்.டி. சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும், விசாரணை நீளும். ஆதிதிராவிடர் குடும்பம் கிறித்தவத்துக்கு மாறினால் அந்தப் பிள்ளை பி.சி. கணக்கில் வரும். காகிதம் மாறும் வேகத்தில் எண்ணும் மாறும்.

சாதி, மதம் சொல்லாமல் பிள்ளையைச் சேர்க்க முடியுமா?

முடியும். ‘இல்லை’ என்று எழுதவோ, இடத்தைக் காலியாக விடவோ அனுமதிக்கும் அரசாணை 1973-லிருந்தே இருக்கிறது, 2000-த்தில் மறுபடி நினைவூட்டினார்கள். சமூக அடிப்படையிலான உதவித்தொகை, இடஒதுக்கீடு கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

பெண் பிள்ளைகள் ஏன் அதிகம்? எங்கள் ஊரில் ஆண் பிள்ளைகளே குறைவா?

பிறப்புக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2011-ல் மாநிலத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள்தான். பள்ளியில் 52 பையன்களும் 66 பெண்களும் இருந்தால் பையன்கள் வேறு எங்கோ படிக்கிறார்கள் என்று அர்த்தம். அண்ணனுக்கு மெட்ரிக், தங்கைக்கு அரசுப் பள்ளி. இதை எந்த வீட்டிலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், பதிவேடு சொல்லிவிடும்.

2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் இதில் வருகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024-ல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது.

இந்தச் சலுகைகளுக்காக ஆறாம் வகுப்பிலேயே அரசுப் பள்ளிக்கு மாற்ற வேண்டுமா?

மேலே சொன்ன 25 சதவீத ஒதுக்கீட்டுப் பிள்ளைகளை விட்டுவிட்டால், இந்தத் திட்டங்களும் 7.5 சதவீத ஒதுக்கீடும் கேட்பது ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான அரசுப் பள்ளிப் படிப்பை. மாற்றுவதென்றால் ஆறிலேயே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். எட்டில் மாற்றிவிட்டு, பிறகு ஒதுக்கீடு கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் ஏராளம். பத்து முடித்துப் பதினொன்றுக்கு வேறு அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போவதால் எதுவும் கெடாது.

ஒரு வேடிக்கை, இலவச சைக்கிள் பதினொன்றில்தான். ஆறாம் வகுப்பிலிருந்து நாலு கிலோமீட்டர் நடந்து வந்த பிள்ளைக்கு, உயர்நிலைப் பள்ளியை விட்டுப் போன பிறகு சைக்கிள் வரும்.

தமிழ் வழி, ஆங்கில வழி என்று பிரித்தால் சேர்க்கை கூடுமா?

2012-13 வாக்கில் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைப் பரவலாகத் தொடங்கியது அந்த நம்பிக்கையில்தான். ஓரளவுக்குப் பலனும் இருந்தது. ஆனால் 18 பேர் உள்ள ஆறாம் வகுப்பை 10, 8 என்று பிரித்தால் பெரும்பாலும் அதே ஆசிரியர் அதே அறையில் இரண்டு புத்தகத்தையும் நடத்துவார். சின்னப் பள்ளியில் அது ஆங்கில வழி என்று பெயருக்குத்தான் இருக்கும்.

எமிஸில் பயிற்று மொழி என்ன என்று பதிவாகிறதோ அதைக் கவனியுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழியில் இருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருடம் ஆங்கில வழி என்று டிக் அடித்திருந்தால் பிறகு சிக்கல்.

வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகள், முகாம் பிள்ளைகள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

மற்றப் பிள்ளைகள் மாதிரியே சேரலாம். திருப்பூர், கோவை, சென்னைப் புறநகர்ப் பள்ளிகளில் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் பிள்ளைகள் இப்போது சாதாரணம். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி பத்து வரை தமிழ் கட்டாயம் என்பதால், ஏழாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்குத்தான் கஷ்டம். ஒன்றாம் வகுப்பில் வந்ததென்றால் தீபாவளிக்குள் நம்மைவிட நன்றாகப் பேசும். மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் பிள்ளைகளும் அரசுப் பள்ளிகளில்தான் பெரும்பாலும் படிக்கிறார்கள். முகாமை ஒட்டிய சின்னப் பள்ளிக்கு அவர்களே உயிர்.

மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்ப்பார்களா?

எட்டு வரை டி.சி. இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. கட்டணப் பாக்கிக்காகத் தனியார் பள்ளி டி.சி.யைப் பிடித்து வைத்தால், அது வசூல் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னதை எடுத்துக்காட்டுங்கள்.

சேர்க்கை ஏன் வருடா வருடம் குறைகிறது? ஆசிரியர்கள் சரியில்லையா?

சில இடங்களில் அதுவும் இருக்கலாம். ஆனால் முதலில் பிறப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் 1.4. மக்கள்தொகை அப்படியே நிற்கவே 2.1 வேண்டும். ஊரில் பிள்ளைகளே குறையும்போது எல்லாப் பள்ளியும் கொஞ்சம் இழக்கும், வேன் விடுகிற பள்ளி குறைவாக இழக்கும். கொரோனா வருடங்களில் கட்டணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு வந்த கூட்டம் நிலைமை சீரானதும் பகுதி திரும்பிப் போனது. 2021-22-ஐ அளவுகோலாக வைத்தால் எல்லாப் பள்ளியும் தோற்றதாகத்தான் தெரியும்.

அடுத்த வருட ஆறாம் வகுப்பைக் கணிக்க ஜோசியம் வேண்டாம். சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பு எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மார்ச் மாதத்திலேயே கிடைத்துவிடும். அங்கே 14 பேர் இருந்தால், சேர்க்கைப் பேரணி எத்தனை நடத்தினாலும் 40 பேர் வர மாட்டார்கள். அந்த 14-ல் எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் தலைமையாசிரியரைக் கேட்க வேண்டிய கேள்வி.

எங்கள் பள்ளியின் எண்களை எங்கே பார்க்கலாம்?

யூடைஸ் பிளஸ் தளத்தில் ‘உங்கள் பள்ளியை அறியுங்கள்’ பகுதியில் பள்ளியின் பெயரையோ பதினொரு இலக்க எண்ணையோ கொடுத்தால் வகுப்புவாரி எண்ணிக்கை, ஆசிரியர்கள், கழிப்பறை, கட்டிட விவரம் வரும். தமிழ்நாட்டுப் பள்ளி எண் 33 என்று தொடங்கும். மாணவர்களின் தனி விவரம் வராது, வரவும் கூடாது. மேலாண்மைக் குழு உறுப்பினர் என்றால் தளத்தைத் தேட வேண்டியதில்லை, கூட்டத்தில் வகுப்புவாரிப் பட்டியலைக் கேளுங்கள். மூன்று வருடப் பட்டியலாகக் கேளுங்கள்.